ஓவனின் சானெட்டில் தாளம் எங்கே இடறுகிறது, ஏன்?

முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கும் ஒருவர் கேட்டது இது: "வில்ஃப்ரெட் ஓவனின் 'ஆந்தம் ஃபார் டூம்ட் யூத்' எங்களுக்குப் பாடம். ஒரு கையேட்டில் ஷேக்ஸ்பியர் சானெட் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் பெட்ரார்க் சானெட் என்று. எது சரி? யாப்பு ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்று எழுதிக்கொண்டேன். ஆனால் விரல் மடக்கி எண்ணினால் இரண்டாவது, மூன்றாவது வரிகள் உதைக்கின்றன. கவிஞர் தவறிவிட்டாரா, நான் தப்பாக எண்ணுகிறேனா?"

நீங்கள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள், அவரும் தவறவில்லை. கையேடுகள் இந்த உதைப்பைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் பெயர்ப் பலகை மாட்டுவதிலேயே நின்றுவிடுகின்றன என்பதுதான் என் குறை. அதனால் பதினான்கு வரிக் கவிதையான சானெட்டின் வகைப் பெயரைச் சுருக்கமாக முடித்துவிட்டு, உதைக்கும் வரிகளில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

முதலில் பின்னணி, தேவையான அளவுக்கு மட்டும். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 செப்டம்பர், அக்டோபரில் எழுதப்பட்டது. எடின்பரோவில் கிரெய்க்லாக்ஹார்ட் போர் மருத்துவமனையில், குண்டதிர்ச்சியால் மனம் குலைந்த அதிகாரிகளோடு ஓவனும் சிகிச்சையில் இருந்தார். மான்செஸ்டர் ரெஜிமென்ட்டில் இளநிலை அதிகாரி, வயது 24. அதே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன் இந்தக் கவிதையின் வரைவைப் பார்த்துத் தம் கைப்பட யோசனைகள் குறித்துக் கொடுத்தார். இன்னொரு தகவலும் வேண்டும்: போருக்கு முன், 1911 முதல் 1913 தொடக்கம் வரை, டன்ஸ்டன் என்ற கிராமத்தில் பாதிரியாருக்கு உதவியாளராக இருந்தவர் ஓவன். மணி, ஜெபம், பாடகர் குழு, மெழுகுவர்த்தி, சவப்பெட்டி மேல் போர்த்தும் துணி, மலர் என்று கவிதையில் வரும் சடங்குப் பொருள்கள் எல்லாம் அவர் கிட்ட நின்று பார்த்தவை. விசுவாசம் தளர்ந்து அங்கிருந்து வெளியேறியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கவிதை சொல்வது என்ன? மாடுகளைப் போல மடியும் இவர்களுக்குத் துக்க மணி எது என்று கேட்டுத் தொடங்குகிறது. பீரங்கிகளின் அசுரக் கோபம்தான் மணி. திக்கித் திக்கிச் சுடும் துப்பாக்கிகள்தான் அவசர ஜெபம் சொல்லும். ஓலமிடும் குண்டுகள்தான் பாடகர் குழு. எட்டாவது வரியில் தொலைவில், சோகம் படிந்த இங்கிலாந்து மாவட்டங்களிலிருந்து பியூகிள் எனும் ராணுவ ஊதுகொம்பின் ஒலி அழைக்கிறது. ஒன்பதாவது வரியில் இரண்டாம் கேள்வி: இவர்களை வழியனுப்ப என்ன மெழுகுவர்த்தி ஏந்துவது? பையன்களின் கைகளில் அல்ல, கண்களில் விடைபெறலின் ஒளி மினுங்கும். பெண்களின் நெற்றி வெளிறுவதே சவப்போர்வை. பொறுமை கொண்ட மனங்களின் கனிவே மலர். ஒவ்வொரு மெதுவான அந்தியும் ஒரு திரையிறக்கம். சாவு நடந்த வீட்டில் சன்னல் திரைகளை இறக்கிவிடுவது அந்நாளைய ஆங்கிலேயர் வழக்கம். அது தெரியாவிட்டால் கடைசி வரி வெறும் மாலைநேர வர்ணனையாகக் கடந்துபோய்விடும்.

இப்போது வகை. வரிமுடிவு ஒலிகளை, நம் யாப்பில் இயைபு என்போமே, அவற்றை எழுத்திட்டுப் பார்த்தால்: கேட்டில், கன்ஸ், ரேட்டில், ஆரிஸன்ஸ், பெல்ஸ், க்வயர்ஸ், ஷெல்ஸ், ஷயர்ஸ், ஆல், ஐஸ், குட்பைஸ், பால், மைண்ட்ஸ், ப்ளைண்ட்ஸ். அதாவது அஆஅஆ, இஈஇஈ, உஊஊஉ, எஎ. பெட்ரார்க்கின் இத்தாலிய முறையில் முதல் எட்டு வரிக்கு இரண்டே ஒலிகள்தான் உண்டு, அஆஆஅ அஆஆஅ என்று. இங்கே நான்கு. ஆகவே முதல் எட்டு வரியும் இயைபில் ஷேக்ஸ்பியர் பக்கம். ஆனால் அச்சில் எட்டு வரி, இடைவெளி, ஆறு வரி என்று பிரித்திருப்பதும், ஒன்பதாவது வரியில் புதுக் கேள்வி எழுவதும் பெட்ரார்க் பக்கம். கடைசி ஆறில் ஒரு மூடிய நால்வரியும் ஓர் ஈரடியும். இந்த உஊஊஉ எஎ அமைப்பு ஓவன் கண்டுபிடித்தது அல்ல. 16ஆம் நூற்றாண்டில் சானெட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த தாமஸ் வயட்டே தம் கடைசி ஆறு வரிகளை இப்படித்தான் அதிகம் கட்டினார். எனவே "இயைபு ஷேக்ஸ்பியர் முறை, சிந்தனைப் பிரிப்பு பெட்ரார்க் முறை" என்று எழுதுங்கள். உங்கள் இரண்டு கையேடுகளும் பாதிப் பாதி சரி.

இனி யாப்பு. தமிழில் படித்து வந்தவர்களுக்கு இங்கே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. ஐயாம்ப் என்றால் நிரையசை மாதிரி என்று சிலர் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். அப்படி இல்லை. நம் அசை எழுத்தின் குறில் நெடிலையும் ஒற்றையும் பார்த்துப் பிரிப்பது. ஆங்கில அசைக்கு உச்சரிப்பில் விழும் அழுத்தம்தான் கணக்கு. ஒரு சொல்லில் எந்த இடத்தில் குரல் அழுந்துகிறதோ அது கனம், மற்றது லேசு. லேசு ஒன்று, கனம் ஒன்று சேர்ந்தால் ஐயாம்ப். மிருதங்கச் சொல்லாக வைத்துக்கொள்வோம்: த தோம். இது ஐந்து முறை வந்தால் பென்டாமீட்டர். சீர்க் கணக்கில் மட்டும் ஒப்பிட வேண்டுமானால் ஐந்து சீர் கொண்ட நம் நெடிலடி. ஒப்பீட்டை அத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முதல் வரியை ஒலிப்படி எழுதுகிறேன், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: 'வாட் பாஸிங் பெல்ஸ் ஃபார் தீஸ் ஹூ டை அஸ் கேட்டில்?' பாஸ், பெல்ஸ், தீஸ், டை, கேட். ஐந்து கனங்களும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. த தோம் த தோம் த தோம் த தோம் த தோம், அதன்பின் ஒரு சின்ன 'த' மிச்சம். அந்த மிச்சத்துக்கு அப்புறம் வருகிறேன்.

இரண்டாவது வரி: 'ஓன்லி த மான்ஸ்ட்ரஸ் ஆங்கர் ஆஃப் த கன்ஸ்.' இங்கே வரி 'த' என்று தொடங்கவில்லை, 'தோம்' என்று தொடங்குகிறது. ஓன்லி: தோம் த. முதல் சீர் தலைகீழ். இதை ட்ரோக்கி என்பார்கள். ஐயாம்பிக் வரியின் முதல் சீரில் இந்த மாற்று ஆங்கிலத்தில் வெகு சகஜம், ஷேக்ஸ்பியரில் பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும். சகஜமான உத்திதான், அதை எந்த இடத்தில் வைக்கிறார் என்பதே சுவாரசியம். மூன்றாவது வரியும் அதே 'ஓன்லி', அதே தலைகீழ்ச் சீர். நீங்கள் உதைப்பு என்றது இந்த இரண்டையும்தான்.

இப்போது ஒன்பதாவது வரிக்குத் தாவுங்கள். 'வாட் கேண்டில்ஸ் மே பி ஹெல்ட் டு ஸ்பீட் தெம் ஆல்?' சுத்தமான த தோம், ஐந்து முறை. அடுத்தது பத்தாவது: 'நாட் இன் த ஹேண்ட்ஸ் ஆஃப் பாய்ஸ், பட் இன் தேர் ஐஸ்.' 'நாட்' மீது அடி விழுகிறது. மறுபடி தோம் த த தோம்.

கவிதையில் இரண்டே கேள்விகள். இரண்டும் கோயில் நடைபோல ஒழுங்காக அடியெடுத்து வைக்கின்றன. இரண்டுக்குமான பதில்கள் முதல் அசையிலேயே அறைகின்றன. கேட்பவர் சடங்கின் தாளத்தில் கேட்கிறார், பதில் அந்தத் தாளத்தை ஏற்க மறுக்கிறது. தலைகீழ்ச் சீர் என்று தெளிவாகச் சொல்லத்தக்க தொடக்கம் பதினான்கில் இந்த மூன்று வரிகளுக்கு மட்டும்தான். மூன்றும் பதில் வரிகள். தேர்வில் ஒரே ஒரு விஷயம் எழுத நேரம் இருந்தால் இதை எழுதுங்கள்.

மூன்றாவது வரியில் இன்னொரு வேலையும் நடக்கிறது. 'ஓன்லி த ஸ்டட்டரிங் ரைஃபிள்ஸ் ரேப்பிட் ரேட்டில்.' 'ஸ்டட்டரிங்' மூன்று அசை. வரி கணக்கில் நிற்க வேண்டுமானால் நடு அசையை விழுங்கி 'ஸ்டட்ரிங்' என்று இரண்டாக்க வேண்டும். விழுங்காமல் முழுதாகச் சொன்னால் வரியே திக்குகிறது. திக்குதல் என்ற பொருள் கொண்ட சொல்லே தாளத்தைத் திக்க வைக்கிறது. ரகரங்களும் டகரங்களும் அடுக்கி வருவதை எல்லோரும் 'அலிட்டரேஷன்' என்று குறித்துவிட்டுப் போவார்கள், நம் மோனையோடு ஒப்பிட்டும் எழுதுவார்கள். அது மேல்பூச்சு. அடியில் நடப்பது இந்த அசை விழுங்கல்.

அப்புறம் நான்காவது வரி: 'கேன் பேட்டர் அவுட் தேர் ஹேஸ்ட்டி ஆரிஸன்ஸ்.' இரண்டு வரி உதைத்த பிறகு இது கடிகாரம் போல ஓடுகிறது. ஏன்? இங்கே ஜெபம் சொல்வது துப்பாக்கி. இயந்திரம் தாளம் தப்பாது. மனிதர் ஜெபம் சொன்னால் ஓரிடத்தில் தொண்டை அடைக்கும், இது அடைக்கவில்லை. 'பேட்டர்' என்ற சொல் தரையில் விழும் துளிகளின் படபடப்பைச் சொல்வது. கடகடவென்று ஒப்பிப்பதையும் சொல்வது. இரண்டாம் பொருளின் வேர் 'பாட்டர் நாஸ்டர்', லத்தீனில் பரமண்டல ஜெபத்தின் முதல் இரு சொற்கள். அர்த்தம் நினைக்காமல் ஜெபத்தை ஓட்டிவிடும் பழக்கத்திலிருந்து பிறந்த சொல்லைத் துப்பாக்கிக்குக் கொடுத்திருக்கிறார். டன்ஸ்டனில் இருந்த ஆள் அல்லவா.

அந்த வரியின் முடிவையும் கவனியுங்கள். 'கன்ஸ்' முழு அழுத்தம் பெறும் சொல். அதற்கு இயைபாக வரும் 'ஆரிஸன்ஸ்' கடைசி அசையில் அழுத்தம் இல்லாதது. இயல்பாகப் பேசினால் 'ஸன்ஸ்' அமுங்கிப்போகும். இயைபு பாதிதான் சேர்கிறது. பீரங்கி உரக்கவும் ஜெபம் முணுமுணுப்பாகவும் கேட்கிறது. பின்னாளில் அரை இயைபையே தம் அடையாளமாக்கிக்கொண்டவர் ஓவன். 'ஸ்ட்ரேஞ்ச் மீட்டிங்' என்ற கவிதை முழுக்க அப்படித்தான். இங்கே அவர் முழு இயைபுக் கவிதைதான் எழுதுகிறார், ஆனால் இந்த ஓரிடத்தில் காது ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தோன்றும். இதை நிரூபிக்க முடியாது, தேர்வில் எழுத வேண்டாம்.

மிச்சம் வைத்த அந்தச் சின்ன 'த'. முதல் வரியும் மூன்றாவது வரியும் பதினொன்றாவது அசையில், லேசாக, முடிகின்றன: கேட்டில், ரேட்டில். ஆங்கிலத்தில் இதைப் பெண்பால் முடிவு என்பார்கள். பழைய பெயர், அர்த்தம் தேடாதீர்கள். கவிதையில் இந்த இரண்டு வரிகளுக்கு மட்டுமே அப்படி முடிவு. மற்ற பன்னிரண்டும் கனமான இடத்தில் நிற்கின்றன. ஆக, மாடும் துப்பாக்கிச் சடசடப்பும் இயைபால் மட்டுமல்லாமல் வரி வடிவத்தாலும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. இது தற்செயலாக விழுந்ததா? வரைவு பதில் சொல்கிறது. முதல் வரி ஆரம்பத்தில் 'வாட் மினிட் பெல்ஸ் ஃபார் தீஸ் ஹூ டை ஸோ ஃபாஸ்ட்?' என்று இருந்தது. இத்தனை வேகமாகச் சாகிற இவர்களுக்கு எந்த மணி என்று பொருள். பத்து அசை, கனமான முடிவு, குறையே சொல்ல முடியாத பென்டாமீட்டர். அதை மாற்றி 'அஸ் கேட்டில்' என்று வைத்தபோது ஓர் அசை கூடியது, வரியின் கால் தடுமாறியது, வேகம் போய் மந்தை வந்தது. சரியான வரியைத் திருத்தித் தடுமாறும் வரியாக்கியிருக்கிறார்.

இரண்டாவது வரியிலும் ஒரு திருத்தம் உண்டு. வரைவில் 'அவர் கன்ஸ்', நம் பீரங்கிகள். முடிவில் 'த கன்ஸ்'. தாளத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டும் லேசான ஒற்றை அசை. ஆனால் கோபம் யாருடையது என்ற கேள்வியே காணாமல் போய்விடுகிறது. யாப்பு இடம் கொடுக்கும்போது பொருளை மாற்றிக்கொள்வது எப்படி என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடைக்காது.

தலைப்பிலும் அப்படித்தான். 'டெட் யூத்' என்று ஓவன் வைத்திருந்தார். 'டூம்ட்' சசூன் கை. 'டெட்' குட்டையான ஒலி. 'டூம்ட் யூத்' என்றால் இரண்டு நெடில் ஊகாரங்கள் அடுத்தடுத்து, இரண்டும் கனம், வேகமாகச் சொல்லவே முடியாது. பொருளும் மாறுகிறது: செத்தவர்கள் அல்ல, சாவு விதிக்கப்பட்டவர்கள், இன்னும் உயிரோடு இருப்பவர்கள்.

வரி ஐந்து முதல் ஏழு வரை அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'பிரேயர்ஸ்', 'க்வயர்ஸ்' போன்ற சொற்களை ஓரசையாக எண்ணினால் தாளம் ஒழுங்காக வரும். வினைச்சொல்லை மட்டும் தேடிப் பாருங்கள். முதல் எட்டு வரியில் முழுதாக நிற்கும் முற்றுவினை 'கேன் பேட்டர்' ஒன்றுதான். 'ஹூ டை' துணைவாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கிறது. மற்றவை எல்லாம் பெயர்ச்சொல் துண்டுகள். போர்க்களத்தில் எதையாவது செய்யக்கூடியது துப்பாக்கி மட்டும் என்று இலக்கணமே சொல்கிறது. அடுத்த ஆறு வரிகளில் 'மே பி ஹெல்ட்', 'ஷல் ஷைன்', 'ஷல் பி' என்று வினைகள் திரும்ப வருகின்றன, பெரும்பாலும் எதிர்காலத்தில்.

எட்டாவது வரியில் கொஞ்சம் நில்லுங்கள். 'அண்ட் பியூகிள்ஸ் காலிங் ஃபார் தெம் ஃப்ரம் ஸேட் ஷயர்ஸ்.' முடிவில் 'ஸேட் ஷயர்ஸ்' இரண்டும் கனம். 'ஃபார் தெம் ஃப்ரம்' மூன்றும் லேசாக உருண்டு வந்து அந்த இரண்டில் முட்டி நிற்கின்றன. கனம் கனம் சேர்ந்தால் ஸ்பாண்டி. இங்கேதான் முதன்முறையாக வரி மெதுவாகிறது. இடமும் மாறிவிட்டது: பிரான்சின் பதுங்குகுழியிலிருந்து இங்கிலாந்தின் கிராமத்துக்கு. பெட்ரார்க் சானெட்டின் திருப்பம் ஒன்பதாவது வரியில் வர வேண்டும் என்பது விதி. கேள்வி அங்கேதான் திரும்புகிறது, ஆனால் ஒலியும் ஊரும் ஒரு வரி முன்னாலேயே திரும்பிவிட்டன. திருப்பம் எங்கே என்று தேர்வில் கேட்டால் இரண்டையும் சொல்லுங்கள்.

பின் ஆறு வரிகளைப் பற்றி எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. 'ஷல் ஷைன் த ஹோலி க்ளிம்மர்ஸ் ஆஃப் குட்பைஸ்' என்ற பதினோராம் வரி அழகுக்கு ஆசைப்பட்ட வரி. ஓவன் இளமையில் கவிஞர் கீட்ஸைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர். அந்தக் கீட்ஸ் பித்து இங்கே எட்டிப் பார்க்கிறது. சடங்கெல்லாம் கேலிக்கூத்து என்று ஐந்தாம் வரியில் சொன்னவர், பின்னால் வேறொரு சடங்கை, இன்னும் இனிமையாகக் கட்டித் தருகிறார் என்று விமர்சகர்கள் சிலர் குறை சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்த வரியில் சுதாரித்துக்கொள்கிறார். 'பேலர்' என்றால் வெளிறல், 'பால்' என்றால் சவப்போர்வை. வேரில் இரண்டுக்கும் உறவில்லை. ஒலியில் மட்டும் ஒட்டிக்கொள்கின்றன. வரியின் முதல் கனத்தில் ஒன்று, கடைசிக் கனத்தில் மற்றது. நடுவே 'கேர்ள்ஸ் ப்ரௌஸ்' என்று இரண்டு கனம் நெருக்கியடித்து நிற்கிறது. வாயில் சொல்லக் கஷ்டமான வரி, கஷ்டப்பட்டே சொல்லுங்கள்.

ஓவன் யாரை மறுத்து எழுதுகிறார் என்பது தெரிய, கவிஞர் ரூபர்ட் ப்ரூக்கின் 1914ஆம் ஆண்டு சானெட் 'த சோல்ஜர்' பக்கத்தில் இருக்கட்டும். அதுவும் கலப்பு வடிவம்தான்: முதல் எட்டு அஆஅஆ இஈஇஈ, பின் ஆறு உஊஎ உஊஎ. ஈரடி இல்லாமல் இத்தாலிய முறையில் நீளமாக அலைந்து முடிகிறது. இங்கிலாந்து, இங்கிலீஷ் என்ற சொற்கள் பதினான்கு வரிக்குள் ஆறு முறை. வடிவப் பெயரை வைத்துப் பார்த்தால் இரண்டு கவிதைகளும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ப்ரூக்கில் ஒருவர் இறக்கிறார், நல்ல வாக்கியத்தில், தன்மையில் பேசிக்கொண்டே. ஓவனில் பேசுகிற 'நான்' எங்குமே இல்லை. 1915 ஈஸ்டர் ஞாயிறன்று லண்டன் புனித பால் பேராலயத்தில் ப்ரூக்கின் கவிதையைப் பிரசங்கத்தில் வாசித்தார்கள். அதே மாதம் ப்ரூக், கலிப்போலி போர்முனையை எட்டும் முன்பே, ரத்தத்தில் நஞ்சேறி இறந்தார். கோயில், மணி, பிரசங்கம் ஆகியவற்றின் மேல் ஓவனுக்கு இருந்த எரிச்சல் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தப் பிரசங்கமும் ஒரு பதிலாக இருக்கலாம்.

ஓவன் 1918 நவம்பர் 4 அன்று பிரான்சில் சாம்ப்ர்–வாஸ் கால்வாயைக் கடக்கும் சண்டையில் இறந்தார். தந்தி வீட்டுக்கு வந்தது நவம்பர் 11, போர்நிறுத்த மணிகள் அடித்துக்கொண்டிருந்தபோது. இதை விடைத்தாளின் கடைசிப் பத்தியில் போட்டுக் கண்கலங்க வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். யாப்புக் கேள்விக்கு அது பதில் இல்லை, விட்டுவிடுங்கள்.

கடைசி வரிக்கு வருவோம். ஷேக்ஸ்பியர் சானெட்டின் இறுதி ஈரடி வழக்கமாகப் பூட்டுப் போடுவது மாதிரி, ஒரு சொடுக்கோடு முடியும். இங்கே ஈரடி இருக்கிறது, சொடுக்கு இல்லை. 'அண்ட் ஈச் ஸ்லோ டஸ்க் அ ட்ராயிங் டௌன் ஆஃப் ப்ளைண்ட்ஸ்.' நெறிப்படி 'ஸ்லோ' லேசாக இருக்க வேண்டிய இடம். லேசாகச் சொல்லிப் பாருங்கள், முடியாது. ஈச், ஸ்லோ, டஸ்க் மூன்றும் கனம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மூச்சு வேண்டும். மெதுவான என்ற பொருள் கொண்ட சொல்லே வரியை மெதுவாக்குகிறது. மூன்றாம் வரியில் 'ஸ்டட்டரிங்' செய்த அதே வேலையை எதிர்த்திசையில். அதன்பின் தாளம் பழைய த தோமுக்குத் திரும்பி, டஸ்க், ட்ராயிங், டௌன் என்ற மூன்று டகரங்களில் படியிறங்கி, ப்ளைண்ட்ஸில் நிற்கிறது. 'ஈச்' என்ற சொல்லை அழுத்திப் படிக்க மறக்காதீர்கள். ஒரு சவ ஊர்வலம் ஒரு நாளில் முடிந்துவிடும். இந்தத் திரை நாளை மாலையும் இறங்கும்.